வசந்தம் வந்தால் கல்லீரலைக் கவனி என்கிறார்களே, சீன மருத்துவம் அப்படி என்னதான் சொல்கிறது?

கேள்வி இது: "வேலைக்காக பெய்ஜிங் வந்து ஒரு குளிர்காலம் தாண்டிவிட்டேன். மார்ச் பிறந்ததும் ஆபீஸில் ஆளாளுக்கு அறிவுரை. 'ஜெர்கினை இப்போதே கழற்றாதே', 'புளிப்பைக் குறை', 'பதினொரு மணிக்குள் படு', 'இது கல்லீரலைக் கவனிக்கிற காலம்'. ஒருவர் கல்லீரலைச் சுத்தம் செய்யும் என்று மூலிகைப் பொடி பாக்கெட் ஒன்றையே கையில் திணித்துவிட்டார். இதில் உண்மையான சீன மருத்துவம் எது, வியாபாரம் எது? நான் எதைக் கடைப்பிடிக்கலாம்?"

ஜெர்கின், தூக்கம், சாப்பாடு மூன்றையும் பற்றி அவர்கள் சொல்வதில் விஷயம் இருக்கிறது. பாக்கெட்டை மட்டும் பிரிக்காதீர்கள், காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

இந்த அறிவுரைகள் எல்லாவற்றுக்கும் வேர் ஒரு சிறிய பத்தி. ஹுவாங்தி நெய்ஜிங், அதாவது மஞ்சள் பேரரசரின் பெயரில் வழங்கும் மருத்துவ நூல், சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்டது. அதன் முதல் பகுதியான சுவென், தாங் வம்சத்து அதிகாரி வாங் பிங் 762-ல் ஒழுங்குபடுத்திய வடிவத்தின் வழியே இன்று நம் கையில் இருக்கிறது. சுவென்னின் இரண்டாவது அத்தியாயம் நான்கு பருவங்களிலும் எப்படி வாழ வேண்டும் என்று சொல்கிறது. வசந்தத்துக்கு அது சொல்வது ஏறக்குறைய இவ்வளவுதான்: இந்த மூன்று மாதமும் பழையது விலகிப் புதியது கிளம்பும் காலம். வானமும் பூமியும் சேர்ந்து உயிர் கொடுக்கின்றன, எல்லாம் தழைக்கிறது. இரவில் சற்றுப் பொறுத்துப் படு, காலையில் சீக்கிரம் எழு. முற்றத்தில் அகல அடிவைத்து உலாவு. கூந்தலை அவிழ்த்துவிடு, உடம்பைத் தளர விடு, மனதில் எண்ணங்கள் முளைக்கட்டும். உயிர் கொடு, கொல்லாதே. கொடு, பறிக்காதே. பரிசளி, தண்டிக்காதே. இதற்கு மாறாக நடந்தால் கல்லீரல் கெடும், கோடையில் குளிர் சார்ந்த நோய் வரும், கோடையின் வளர்ச்சிக்குக் கொடுக்கக் கையிருப்பு குறையும்.

கவனித்தீர்களா? ஒரு மூலிகைகூட இல்லை. ஒரு உணவுப் பொருளின் பெயர்கூட இல்லை. தூக்கம், நடை, தளர்ந்த உடை, மனநிலை, பிறரிடம் நடந்துகொள்ளும் விதம், அவ்வளவுதான். 'வசந்தத்தில் கல்லீரலைச் சுத்தம் செய்' என்று இன்று விற்கப்படும் எதற்கும் இந்தப் பத்தியில் இடமில்லை. குளிர்காலத்தில் உள்ளே சேர்த்து வைத்ததை வசந்தத்தில் அவசரப்படாமல், தடுக்காமல், வெளியே வர விடு என்பதுதான் இதன் மையம். மற்ற விதிகள் எல்லாம் இதிலிருந்து பிறந்தவை.

தலைமுடியை அவிழ்த்துவிடு என்பது நமக்கு விசித்திரமாகப் படலாம். அந்தக் காலத்துச் சீன ஆண்கள் முடியை உச்சியில் இறுக்கிக் கொண்டை போட்டு, இடுப்பில் கச்சை கட்டித் திரிந்தவர்கள். அதை அவிழ்ப்பது என்றால் வெளியுலகக் கெடுபிடியையே கொஞ்சம் தளர்த்துவது. இன்றைக்கு டையைக் கழற்றிவிட்டு நடக்கப் போவது என்று வைத்துக்கொள்ளலாம்.

கொல்லாதே, தண்டிக்காதே என்பவை மருத்துவ நூலில் ஏன் வருகின்றன? அக்காலச் சீனாவில் உடம்பும் அரசாட்சியும் ஒரே நாள்காட்டியில் ஓடின. லிஜி என்ற சடங்கு நூலின் மாத விதிகள் வசந்தத்தின் முதல் மாதத்தில் மரம் வெட்டுவதையும், பறவைக் கூட்டைக் கலைப்பதையும், கருவுற்ற விலங்கையும் குட்டியையும் கொல்வதையும் தடை செய்கின்றன. சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முந்தைய ஹான் வம்சக் காலத்திலிருந்து மரண தண்டனைகளை இலையுதிர் காலத்துக்கும் குளிர்காலத்துக்கும் தள்ளி வைப்பது வழக்கமாக இருந்தது. துளிர்விடும் பருவத்தில் அரசன் கத்தியை உறையில் போட வேண்டும் என்றால், குடிமகன் தன் கோபத்தையும் உறையில்தான் போட வேண்டும். இந்தத் தொடர்ச்சியைப் பிடித்துக்கொண்டால் கல்லீரல் விஷயம் சுலபமாகப் புரியும்.

அதற்கு முன் எது வசந்தம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். சீனர்கள் சூரியனின் பாதையை 15 டிகிரி வீதம் 24 பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். யுனெஸ்கோ 2016-ல் இதைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. வசந்தம் பிப்ரவரி 4 வாக்கில் லிசுன் அன்று பிறக்கிறது. பிறகு மழைநீர், பூச்சிகள் விழிப்பு, சம இரவுநாள், சிங்மிங் (ஏப்ரல் 5 வாக்கில்), தானிய மழை என்று போய், மே 5 வாக்கில் கோடை தொடங்குகிறது. பிப்ரவரி 4 அன்று பெய்ஜிங் ஏரிகளில் பனிக்கட்டி கிடக்கும். அன்றைக்குப் போய் வசந்தம் என்கிறார்களே என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். மண்ணுக்கு மேல் இன்னும் குளிர், ஆனால் பகல் நீளத் தொடங்கிவிட்டது. இந்த இரண்டுங்கெட்டான் நிலைதான் வசந்தப் பராமரிப்பின் அடிப்படையே.

சரி, கல்லீரல். சீன மருத்துவத்தின் கல்லீரலும் ஸ்கேனில் தெரியும் கல்லீரலும் ஒன்றல்ல. மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்ற ஐந்து கூறுகளின் கோட்பாட்டில் மரம், வசந்தம், காற்று, பச்சை நிறம், புளிப்பு, கண், தசைநாண், கோபம் எல்லாம் ஒரே குடும்பம். கல்லீரல் அந்தக் குடும்பத்தின் உறுப்பு. அதன் வேலை ச்சி எனப்படும் உயிர்விசையைத் தங்குதடையின்றி ஓட விடுவது. ஏரிக்கு மதகு மாதிரி. மதகு சிக்கிக்கொண்டால் விலா ஓரம் இறுக்கம், பெருமூச்சு, எரிச்சல், மாதவிடாய்க்கு முன் மார்பு வலி. சட்டென்று திறந்துகொண்டால் தலைவலி, கண் சிவப்பு, தலைச்சுற்றல். நெய்ஜிங் கல்லீரலைத் திட்டம் வகுக்கும் படைத்தளபதி என்கிறது. ஆக, உங்கள் சக ஊழியர் 'கல்லீரலைக் கவனி' என்றால் லிவர் டெஸ்ட் எடு என்று அர்த்தமில்லை. முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதே, வெளியே போய் நட என்பதுதான் அதன் சாரம்.

இந்த வரைபடத்தை உடற்கூறு அறிவியலாக நான் நினைக்கவில்லை. ச்சியை எந்தக் கருவியும் அளந்ததில்லை. பருவமாற்றத்தில் மனிதர்களுக்கு எது எதெல்லாம் சேர்ந்து வருகிறது என்று நூற்றாண்டுகளாகப் பார்த்துக் கோத்து வைத்த ஒரு குறிப்பேடாக எடுத்துக்கொண்டால் நிறைய பயன் இருக்கிறது.

இப்போது புளிப்பு. இதில்தான் பெரிய குழப்பம். புளிப்பு கல்லீரலுக்கு உரிய சுவை என்கிறது கோட்பாடு. அப்படியானால் வசந்தத்தில் புளிப்பைக் கூட்டத்தானே வேண்டும் என்று தோன்றும். பலர் எலுமிச்சைத் தண்ணீரும் வினிகரும் குடிக்கத் தொடங்குவது இதனால்தான். மரபு சொல்வது நேர்மாறு. 682-ல் மறைந்த தாங் காலத்து மருத்துவர் சுன் சிமியாவ், வசந்தத்தின் 72 நாட்களில் புளிப்பைக் குறைத்து இனிப்பைக் கூட்டி, சீனக் கணக்கில் செரிமானத்தைக் கவனிக்கும் உறுப்பான மண்ணீரலின் ச்சியை வளர்க்கச் சொல்கிறார். (72 என்ற கணக்கு, 360 நாட்களை ஐந்து கூறுகளுக்குப் பங்கு போட்டதால் வந்தது. மண்ணுக்கு உரிய 72 நாள் பருவத்துக்கு 18 ஆக ஒவ்வொரு பருவத்தின் கடைசியிலும் வரும்.)

ஏன் அப்படி? மரம் மண்ணை அடக்கும் என்பது விதி. வசந்தத்தில் மரம், அதாவது கல்லீரல், தானாகவே வலுக்கிறது. வலுத்தால் மண்ணான மண்ணீரலையும் வயிற்றையும் நசுக்கும். டென்ஷனானால் பசி போவது, வயிறு உப்புவது, வயிற்றுப்போக்கு எல்லாம் இந்தக் கணக்கில் கல்லீரல் மண்ணீரலை மிதிப்பதுதான். ஹான் காலத்து மருத்துவர் ஜாங் ஜோங்ஜிங், கல்லீரலில் நோயைக் கண்டால் அது மண்ணீரலுக்குப் போகும் என்று அறிந்து முதலில் மண்ணீரலைப் பலப்படுத்து என்று எழுதியிருக்கிறார். எனவே பலசாலிக்கு மேலும் தீனி போடாமல் பலவீனமானவனைத் தேற்றுகிறார்கள். தவிர, புளிப்பு சுருக்கும், உள்ளே இழுக்கும் என்பது அவர்கள் கணிப்பு. எல்லாம் விரிய வேண்டிய நேரத்தில் அது எதிர்த்திசை.

இனிப்பு என்றதும் கேக்கும் பால்கோவாவும் நினைவுக்கு வரவேண்டாம். மென்றால் மெல்ல இனிக்கும் பொருட்களைச் சொல்கிறார்கள்: தினைக் கஞ்சி, ஷான்யாவோ என்ற நீளமான வெள்ளை வள்ளிக்கிழங்கு, இலந்தை இனத்துச் சிவப்புப் பழத்தின் வற்றல், பூசணி. தினையும் ஷான்யாவோவும் சேர்த்துக் குழைய வேகவைத்த கஞ்சி பெய்ஜிங் வீடுகளில் சாதாரணக் காலை உணவு. நம் நாக்குக்கும் அந்நியமாக இருக்காது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் கஞ்சியைக் குழைய விடாமல், அளவு பார்த்துச் சாப்பிடுங்கள், இலந்தை வற்றலை ஒன்றிரண்டோடு நிறுத்துங்கள். ஒன்று சொல்ல வேண்டும்: ஆயுர்வேதம் வசந்தத்தில் கபம் உருகும் என்று சொல்லி இனிப்பையும் கனமான உணவையும் குறைக்கச் சொல்கிறது. இரண்டையும் ஒரே தட்டில் கலந்து ஒரு டயட் சார்ட் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், இரண்டுமே கெட்டுப்போகும்.

இனிப்புக்கு அடுத்தபடியாக மெல்லிய காரமும் மணமும். ஜியூத்சாய் என்ற தட்டை இலைக் கீரை, பூண்டு வாசம் அடிப்பது, வசந்தத்தின் முதல் அறுவடையில்தான் ருசி என்பார்கள். வெங்காயத்தாள், கொத்தமல்லி, இஞ்சி எல்லாம் இதே வரிசை. உள்ளே இருப்பதை வெளியே கிளப்பிவிடும் என்பது காரணம். லிசுன் அன்று வடக்கே 'வசந்தத்தைக் கடிப்பது' என்று முள்ளங்கியைக் கடித்துச் சாப்பிடுவார்கள், மெல்லிய ரொட்டியில் முளைப்பயறும் ஜியூத்சாயும் சுருட்டிச் சாப்பிடுவார்கள். ஷாங்காய் பக்கம் ஜிசாய் என்ற காட்டுக்கீரையை வோன்டன் என்ற சூப் கொழுக்கட்டையின் பூரணத்தில் வைப்பார்கள். சிங்மிங் சமயத்தில் மாசிபத்திரி இனச் செடியின் சாற்றைப் பிசைந்த பச்சைக் கொழுக்கட்டை கடைகளுக்கு வரும், உள்ளே இனிப்புப் பயறு விழுது. மூங்கில் குருத்தும் இந்தச் சமயத்தில்தான்.

சியாங்சுன் என்ற மரத்தின் சிவந்த துளிரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஏப்ரலில் சந்தையில் கட்டுக்கட்டாக, கொஞ்சம் விலையாகவே வரும். முட்டையோடு வதக்கிச் சாப்பிடுவார்கள். மணம் சிலருக்கு உயிர், சிலருக்கு ஆகாது. இலை முற்ற முற்ற அதில் நைட்ரைட் கூடும், அதனால் இளசாக வாங்கி, கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைப்பது முறை. பச்சையாகச் சாப்பிடாதீர்கள்.

டீ விஷயத்தில் வட சீனர்கள் வசந்தத்தில் மல்லிகை டீ குடிப்பார்கள், மணம் தேங்கியதைக் கிளப்பும் என்று. சாமந்திப்பூவும் கோஜிப் பழமும் போட்ட வெந்நீர் கணினி முன் கண் எரிகிறவர்களுக்கு ஆபீஸ் பாட்டி வைத்தியம். சாமந்தி குளிர்ச்சி என்பதால் வயிறு பலவீனமாக இருப்பவர்களுக்கு ஆகாது என்பார்கள்.

இனி ஜெர்கின். 'வசந்தத்தில் போர்த்து, இலையுதிரில் குளிரட்டும்' என்பது எல்லாச் சீனப் பாட்டிகளும் சொல்லும் சுன் வூ சியூ தோங். பெய்ஜிங்கில் இதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. நகரின் மைய வெப்ப வசதியை வழக்கமாக மார்ச் 15-ல் நிறுத்திவிடுவார்கள். அதுவரை சட்டையோடு திரிந்த வீடு மறுநாள் ஜில்லென்று ஆகிவிடும். வெளியே மதியம் 18 டிகிரி வெயில், ராத்திரி பூஜ்யத்தை ஒட்டி. வெயிலைப் பார்த்து டி-ஷர்ட்டில் கிளம்புகிறவர் சாயங்காலம் தும்மிக்கொண்டு திரும்புவார். குளிர்தான் சளியைத் தருகிறதா என்றால், தருவது வைரஸ்தான். ஆனால் குளிர்ந்த காற்று மூக்கின் உட்புறத் தற்காப்பைத் தளர்த்துகிறது என்பதற்கு ஆதாரம் இருக்கிறது, பாட்டி முழுக்கத் தவறில்லை.

போர்த்துவதிலும் முறை இருக்கிறது. கீழே கனமாக, மேலே லேசாக என்பார்கள். கால், முழங்கால், இடுப்பு, பிடரி முக்கியம். மேலே போட்டதை மதியம் கழற்றி மாலையில் போட்டுக்கொள்ளலாம். 15 டிகிரிக்கு மேல் சில நாட்கள் நிலைத்து நின்றால் குறைத்துக்கொள்ளலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. வியர்த்தால் போர்த்தியது அதிகம் என்று அர்த்தம், வியர்வைத் துளைகள் திறந்திருக்கக் காற்றில் நிற்பதுதான் அவர்களுக்கு ஆகவே ஆகாத விஷயம். குழந்தைகளுக்கு அளவு மீறிப் போர்த்துவது சீனாவில் நிஜமான பிரச்சினை, அதை மட்டும் பின்பற்றாதீர்கள்.

தூக்கத்தில் ஒரு முரண்பாடு போலத் தெரியும். நெய்ஜிங் பொறுத்துப் படு என்கிறது, உங்கள் சக ஊழியர் பதினொன்றுக்குள் படு என்கிறார். நூல் பேசுவது குளிர்காலத்தோடு ஒப்பிட்டு. குளிர்காலத்தில் இருட்டியதும் படுத்து, வெயில் வந்த பிறகு எழ வேண்டும். வசந்தத்தில் அதைவிடக் கொஞ்சம் பிந்திப் படுத்து, கொஞ்சம் முந்தி எழ வேண்டும். விளக்கில்லாத காலத்து 'பிந்தி' எட்டு, ஒன்பது மணியாக இருந்திருக்கும். பதினொன்று என்பது இன்னொரு கணக்கிலிருந்து வருகிறது: இரவு 11 முதல் 1 வரை பித்தப்பையின் நேரம், 1 முதல் 3 வரை கல்லீரலின் நேரம், அப்போது தூங்கிக்கொண்டிருக்க வேண்டும் என்பது. உறுப்புக் கடிகாரத்தை நம்பாவிட்டாலும் பதினொன்றுக்குள் படுப்பதில் நஷ்டம் எதுவுமில்லை. மதியம் கண் சொக்கும் வசந்தத் தூக்கக் கலக்கத்துக்கு சுன் குன் என்று பெயரே வைத்திருக்கிறார்கள். அதற்கு அவர்கள் தரும் வைத்தியம் இன்னும் தூங்குவது அல்ல, காலை வெயிலில் நடப்பது. உடலின் நாள்சுழற்சியைக் காலை வெளிச்சம் சரி செய்யும் என்று இன்றைய தூக்க ஆய்வும் சொல்வதால் இது எனக்கு மிகவும் பிடித்த அறிவுரை.

நடை என்றால் ஜிம் இல்லை. சிங்மிங் விடுமுறையில் குடும்பமாகக் கிளம்பிப் புல்வெளியில் உலாவுவதைத் தாச்சிங், பசுமையை மிதிப்பது என்பார்கள். பட்டம் விடுவதும் இந்தச் சமயத்தில்தான். ஷான்தோங்கின் வெய்ஃபாங் நகரில் 1984 முதல் சர்வதேசப் பட்டத் திருவிழா நடக்கிறது. குழந்தைகள் அண்ணாந்து வாய் திறந்து பட்டத்தைப் பார்ப்பது உள்சூட்டை வெளியேற்றும் என்று சோங் வம்சத்துக் குறிப்பு ஒன்று இருக்கிறது. சூடு போகிறதோ இல்லையோ, நாள் முழுக்கச் செல்போனைக் குனிந்து பார்த்த கழுத்துக்கும் கண்ணுக்கும் இதைவிட நல்ல பயிற்சி கிடைக்காது.

முறையான பயிற்சி வேண்டுமென்றால் பாதுவான்ஜின், எட்டு அசைவுகள். சீன அரசின் விளையாட்டுத் துறை 2003-ல் இதற்கு ஒரு பொது வடிவம் கொடுத்தது. பூங்காக்களில் காலையில் போனால் பாட்டு போட்டுச் செய்துகொண்டிருப்பார்கள், பின்வரிசையில் நின்றுகொண்டால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். வசந்தத்துக்கென்று ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் ஏழாவது அசைவு: குதிரைமேல் உட்கார்ந்த மாதிரி காலை அகட்டித் தாழ்ந்து, கைவிரல்களை முஷ்டியாக மடக்கி, கண்ணை உருட்டி முறைத்தபடி மெதுவாகக் குத்து நீட்டுவது. கண், தசைநாண், கோபம் மூன்றும், கல்லீரல் குடும்பம் முழுவதும், ஒரே அசைவில் வேலை செய்கின்றன. கோபத்தை அடக்கு என்று உபதேசிக்காமல், அதற்கு ஒரு வடிவம் கொடுத்து மெல்ல வெளியே விடச் சொல்லும் புத்திசாலித்தனம் இது. முழங்கால் வலி உள்ளவர்கள் அதிகம் தாழ வேண்டாம். அப்புறம் தாய்சோங் என்ற புள்ளி: பாதத்தின் மேல்புறம், கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே கணுக்காலை நோக்கித் தடவிக்கொண்டே போனால் எலும்புகள் சந்திக்கும் இடத்துக்கு முன் ஒரு குழி வரும். எரிச்சலான நாளின் முடிவில் அதைக் கொஞ்ச நேரம் அமுக்கிவிடுவார்கள். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் புள்ளி அமுக்கும் சிகிச்சை எதுவும் செய்துகொள்ள வேண்டாம்.

கோபம் பற்றிப் பேசியதால் இதையும் சொல்கிறேன். 'கடுகுப்பூ மஞ்சளிக்க மனிதன் பித்துப்பிடிப்பான்' என்று சீனாவில் ஒரு பழமொழி உண்டு. எண்ணெய்க்கு விளைவிக்கும் கடுகினப் பயிர் வயல் முழுக்க மஞ்சளாகப் பூக்கும் மார்ச், ஏப்ரலில் மனநோய் கிளம்பும் என்ற அனுபவத்தில் வந்தது. பூவுக்குச் சம்பந்தமில்லை. ஆனால் பகல் வேகமாக நீளும் இந்தப் பருவத்தில் சிலருக்கு மனநிலை நிலைதடுமாறுவதை மனநல மருத்துவர்களும் கவனித்திருக்கிறார்கள். இருமுனைக் கோளாறு (மனம் உற்சாக உச்சத்துக்கும் சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் நோய்) உள்ள யாராவது வீட்டில் இருந்தால், தூக்கம் திடீரென்று குறைகிறதா என்று பாருங்கள். அதற்கு மருந்து சாமந்தி டீ இல்லை, அவருடைய மருத்துவர்தான்.

அடுத்து காற்று. நூறு நோய்க்கும் காற்றே தலைவன் என்கிறது நெய்ஜிங். பெய்ஜிங்கில் இதைப் புரிந்துகொள்ளத் தத்துவமே வேண்டாம். மார்ச்சில் வடமேற்கிலிருந்து மணல் புழுதி, மார்ச் ஏப்ரலில் சைப்ரஸ் இன மரங்களின் மகரந்தம், ஏப்ரல் மே மாதங்களில் நெட்டிலிங்கம் போல ஓங்கி வளர்ந்த பாப்லர் மரங்களிலிருந்தும் வில்லோவிலிருந்தும் பஞ்சு பறந்து தெருவெல்லாம் வெள்ளையாகக் கிடக்கும். எல்லாரும் பஞ்சைத்தான் திட்டுவார்கள், ஆனால் தும்மலுக்குப் பெரும்பாலும் காரணம் கண்ணுக்குத் தெரியாத மகரந்தம். தென்னிந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்கு முதல் வருடம் ஒன்றும் செய்யாமல், உடல் அதற்குப் பழகி வினைபுரியத் தொடங்கிய பிறகு அலர்ஜி வருவதும் உண்டு. காற்றடிக்கும் நாளில் மாஸ்க், வீடு திரும்பியதும் முகம் கழுவி மூக்கை உப்புநீரில் அலசுவது, தேவைப்பட்டால் அலர்ஜி மாத்திரை. அக்குபங்சர் உதவுமா? ஜெர்மனியில் மகரந்த அலர்ஜி உள்ள 422 பேரிடம் நடத்தி 2013-ல் வெளியான ஆய்வில், எட்டு வாரத்தில் போலி ஊசி போட்டவர்களைவிட நிஜ ஊசி போட்டவர்களுக்குக் கொஞ்சம் குறைந்தது, மாத்திரைத் தேவையும் குறைந்தது. ஆனால் பதினாறாவது வாரத்தில் அந்த வித்தியாசம் நிற்கவில்லை. ஆசை இருந்தால் முயலலாம், அதிசயம் எதிர்பார்க்க வேண்டாம்.

இதுவரை சொன்னது எல்லாம் மஞ்சள் நதிப் பக்கத்து வறண்ட, காற்றடிக்கும் வசந்தத்துக்கு. சீனாவுக்குள்ளேயே தெற்கே போனால் கதை மாறும். குவாங்தோங்கில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை ஹுய்நான்தியன் என்று ஒரு காலம். தென்சீனக் கடலின் ஈரக்காற்று குளிர்ந்த சுவரில் பட்டு, சுவரும் தரையும் வியர்த்துக் கொட்டும். துணி காயாது. அங்கே உள்ள மருத்துவரைக் கேட்டால் கல்லீரலைவிட ஈரத்தைப் பற்றித்தான் பேசுவார். சிறிய சிவப்புப் பயறு, வெள்ளை மொச்சை, பார்லி போன்ற யீரென் தானியம் எல்லாம் போட்டு மணிக்கணக்கில் சூப் கொதிக்கும். காலம், இடம், ஆள் மூன்றையும் பார்த்து முறையை மாற்று என்பது சீன மருத்துவத்தின் சொந்த விதி. அதனால்தான் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் உள்ள நம்மவர்கள் பிப்ரவரியில் சீன மருந்துக் கடை விளம்பரத்தைப் பார்த்து 'வசந்தக் கல்லீரல் பராமரிப்பு' தொடங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. குளிர்காலமே இல்லாத ஊரில் குளிர்காலச் சேமிப்பு எங்கிருந்து வந்தது, அதை எப்படி வெளியே விடுவது? அங்கே வருடம் முழுக்கப் பொருந்துவது குவாங்தோங்காரரின் ஈரக் கணக்குதான்.

கடைசியாக உங்கள் பாக்கெட். சீன மூலிகைகளில் வலுவானவை இருக்கின்றன என்பதில் சந்தேகமில்லை. ஒரு சீன மூலிகையிலிருந்து மலேரியா மருந்தான ஆர்டிமிசினினைப் பிரித்தெடுத்ததற்காகச் சீன விஞ்ஞானி து யூயூவுக்கு 2015-ல் நோபல் கிடைத்தது. வலு இருந்தால் தீங்குக்கும் வலு இருக்கும். முடி கருக்கவும் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் போஷிக்கவும் என்று விற்கப்படும் ஹேஷோவூ கிழங்கு கல்லீரல் அழற்சியை உண்டாக்கியதாகப் பல நேர்வுகள் பதிவாகி, 2014-ல் சீன மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே எச்சரிக்கை வெளியிட்டது. கல்லீரலைக் காப்பாற்ற என்று குடித்துக் கல்லீரலைக் கெடுத்துக்கொள்ளும் கொடுமை இது. 1990-களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில் எடைகுறைப்பு மாத்திரைகளில் அரிஸ்டலோக்கியா இனத்துச் சீன மூலிகை ஒன்று தவறாகக் கலந்து பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. அதிமதுரம் அதிகமானால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும். தான்ஷென், தாங்குய் என்ற இரண்டு மூலிகைகளும், ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்களுக்கு ரத்தக்கசிவு ஆபத்தைக் கூட்டும்.

மூலிகை வேண்டுமென்றே தோன்றினால் பெய்ஜிங்கில் சீன மருத்துவ மருத்துவமனைகளுக்குப் போய் நாடி பார்த்து எழுதி வாங்குங்கள். சிங்கப்பூரில் 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்ற மருத்துவரா என்று பார்த்துவிட்டுப் போங்கள். இப்போது எடுக்கும் ஆங்கில மருந்துகளின் பட்டியலையும் காட்டுங்கள். உறை மேல் மூலப்பொருள் எழுதாத பொடியை யார் அன்பாகக் கொடுத்தாலும் நன்றி சொல்லி வாங்கி வைத்துவிடலாம். ஏற்கெனவே சில நாள் குடித்துவிட்டீர்கள் என்றால், கண் வெள்ளையில் மஞ்சள், சிறுநீர் ஸ்ட்ராங் டீ நிறம், காரணமில்லாத அசதி, வாந்தி, உடம்பெல்லாம் அரிப்பு இதில் எது தெரிந்தாலும் உடனே நிறுத்துங்கள். அன்றைக்கே அலோபதி மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை எடுங்கள், பாக்கெட்டையும் கையோடு கொண்டு போங்கள்.